சூரியகாந்தி சாட்சி சொல்லும்

அத்தியாயம் 5

"திருடன்னா வந்து எதையாவது எடுத்துட்டுப் போவான். இவன் வெச்சுட்டுப் போயிருக்கான். இவனைப் பிடிச்சு உள்ள தள்றதா, இல்ல மாலை போட்டு மேடையில உக்கார வெக்கறதா மேடம்?"

மண்டி போட்டு, மூக்கு மண்ணில் உரச இப்படிக் கேட்டவன் நூல். பக்கத்தில் குந்தியிருந்தவள் ஊசி.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருவருக்கும் உண்டு. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் உபயோகப்பட்டது. ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்த நாள் முதல், ஒல்லி உடம்புக்கும் சுருக்கென்று குத்தும் பேச்சுக்கும் சேர்த்து அவளுக்கு ஊசி என்று பெயர் விழுந்துவிட்டது. ஊசி போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனதால் உதவியாளன் நூல் ஆனான். மற்றபடி அவன் உடம்பில் நூல் மாதிரி எதுவும் கிடையாது. அவன் ஏறினால் ஸ்கூட்டர் முனகும்.

அந்த முனகலை வைத்தே அன்று காலை ஒரு வேடிக்கை நடந்தது. இவர்கள் கேட்டைத் திறக்கும் முன்பே வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துக்கோங்க" என்றது. நூல் இறங்கிப் பார்த்தான். கம்மியாகத்தான் இருந்தது.

"காத்து கம்மி இல்லம்மா, ஆள் ஜாஸ்தி" என்றாள் ஊசி.

குரலுக்குச் சொந்தக்காரர்தான் கேஸ் கொடுத்தவர். டெலிபோன் அம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கையால் லைன் போட்டுக் கொடுத்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். மெஷின் வந்து வேலை போனது, ஓய்வு வந்தது, கணவர் போனார். காது மட்டும் எங்கேயும் போகவில்லை.

இப்போது போகப் போவது வீடு.

"என் பையன் தங்கமானவன்தான்" என்று வராந்தா நாற்காலியிலிருந்து டெலிபோன் அம்மா சொன்னார். "ஆனா இந்தச் செடிகளைப் பாத்ததிலேர்ந்து ஒரே பாட்டு. 'அம்மா, நீயே நட்டுட்டு மறந்துட்டே. இனிமே உன்னைத் தனியா விட முடியாது. வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு'ன்னு. நான் நடலைடான்னா, 'மறந்தவங்களுக்கு மறந்தது எப்படிம்மா தெரியும்'ங்கறான். அதுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?"

"நியாயமான கேள்விதான்" என்றான் நூல். ஊசி முறைத்ததும், "அநியாயமான நியாயம்" என்று திருத்திக்கொண்டான்.

"அதான் ஒரு பந்தயம் கட்டினேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள யாரு நட்டதுன்னு காட்டிட்டா, வீட்டைப் பத்தி அவன் வாயைத் திறக்கக் கூடாது. காட்டலைன்னா நான் மூட்டை கட்டிடறேன். அவனும் வரான், வீட்டை வாங்கறவரும் வரார்."

"வாங்கறவர் யாரு?"

"பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். கிளினிக்கைப் பெருசு பண்ணணுமாம்."

நூலின் இரண்டு புருவமும் ஏறி நின்றன.

"ராத்திரி யாராவது சுவர் ஏறிக் குதிச்ச சத்தம், மண்ணைத் தோண்டற சத்தம் ஏதாவது கேட்டுதா?" என்றாள் ஊசி.

"இல்ல."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் எனக்கு யார் மேலயும் இல்லம்மா" என்று டெலிபோன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

செடிகள் இருந்தது, கேட்டிலிருந்து வீட்டுக்குக் கார் வருகிற சிமெண்ட் பாதையை ஒட்டிய நீளப் பாத்தியில். பழைய வேலிச்செடி பட்டுப்போனதும் அதைப் பிடுங்கிவிட்டு டெலிபோன் அம்மா மண்ணைச் சும்மா விட்டிருந்தார். சும்மா விட்ட இடத்தில் இப்போது ஒரு கூட்டமே நின்றது. இடுப்பளவு சூரியகாந்தி. கதிர் தள்ளிக் குனிந்த தினை. முள் முள்ளாக இலை வைத்த ஒன்று, அது ஏற்கனவே நூலின் விரலைக் குத்திவிட்டிருந்தது. நடுவில் கோரை மாதிரி ஒரு புல், அதன் நுனியில் குட்டிக் குட்டியாய்ப் பச்சை முடிச்சு.

"என்ன தெரியுது?" என்றாள் ஊசி.

"நட்டவனுக்கு ரசனை கிடையாது. பூ வேணும்னா பூ வெக்கலாம், தானியம் வேணும்னா தானியம் போடலாம். இவன் கல்யாணச் சீட்டுக் கட்டைக் கலைச்ச மாதிரி கலைச்சுப் போட்டிருக்கான்."

"கல்யாணத்துக்கும் சீட்டுக் கட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டுலயும் என் கைக்கு நல்லது வந்ததே இல்ல மேடம்."

ஊசி சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். அவளிடம் அது பாதிச் சிரிப்பு. "உயரத்தைப் பாரு. இடுப்பளவுல ஒரு கூட்டம், முழங்கால் அளவுல ஒண்ணு, இப்பதான் ரெண்டு இலை விட்டது ஒண்ணு. நடுவுல எதுவும் இல்ல. ஸ்கூல்ல பெரிய கிளாஸ், நடு கிளாஸ், சின்ன கிளாஸ் மாதிரி."

"விட்டு விட்டு வந்திருக்கான்."

"ஆனா உள்ள கால் வெக்கல. மண்ணு தோண்டின தடம் இல்ல. எல்லாம் பாதையிலேர்ந்து கை நீட்டினா எட்டற தூரத்துலயே நிக்குது. பாதைக்கு அந்தப் பக்கத்துப் பாத்தியில ஒண்ணு கூட இல்ல."

நூல் மண்ணைக் கிளறினான். இரண்டு பொருள் கிடைத்தது. சுண்டு விரல் நகம் அளவு ஒரு நீல இறகு. சுருள் சுருளாகப் பென்சில் சீவல். இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு மூடினான்.

"வினை விதைச்சவன் வினை அறுப்பான், தினை விதைச்சவன் தினை அறுப்பான்னு சொல்லுவாங்க" என்று பெருமூச்சு விட்டான். "இங்க தினை தயாரா இருக்கு. விதைச்சவனைத்தான் காணோம்."

"அதான் நீ பண்ற தப்பு. யாரு நட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தா சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்போம். கேள்வியை மாத்து. சூரியகாந்தி விதை, தினை, இந்த முள்ளுச் செடியோட விதை, இந்தப் புல்லோட விதை, இத்தனையையும் ஒரே தட்டுல போட்டா யாரு சாப்பிடுவா?"

நூல் யோசித்தான். சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு அவன் அவ்வளவு நேரம் யோசித்தது அதுவே முதல் தடவை.

அப்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கரகரக் குரல் அதட்டியது. "வாயைத் திற! பெருசா திற!"

நூல் பயந்து போய் வாயைத் திறந்தே விட்டான்.

எட்டிப் பார்த்தால் பல் டாக்டர் வீட்டு முன்வாசலில் ஒரு பெரிய பச்சைக் கிளி. கூண்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கார். கிளியின் காலடியில் சூரியகாந்தி விதையின் தோல் குவிந்து கிடந்தது.

"முடிஞ்சுது மேடம்! வீட்டை வாங்கத் துடிக்கிறது யாரு? பல் டாக்டர். விதை யார்கிட்ட இருக்கு? பல் டாக்டர்கிட்ட. அம்மாவுக்கு மறதின்னு கிளப்பி விட்டா யாருக்கு லாபம்? பல் டாக்டருக்கு. சுவருக்கு மேல ஒரு பிடி அள்ளி வீசறது என்ன பெரிய வித்தையா?"

"இறகு என்ன கலர்?"

நூல் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தான். மூடினான். "கிளிக்கு சாயம் அடிச்சிருக்கலாம்."

"வண்டியை எடு" என்றாள் ஊசி.

பறவைக் கடை, பழைய சினிமா கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நுழைந்தால் நூறு பறவைகள் ஒரே நேரத்தில் சண்டை போடுகிற சத்தம். அதற்கு நடுவில் கடைக்காரர் நிம்மதியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி ஒவ்வொரு செடியிலும் ஒரு துண்டு கிள்ளி வந்திருந்தாள். மேஜைமேல் பரப்பினாள்.

"செடியா வளந்து பாத்து ரொம்ப நாளாச்சு" என்று கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "கடையில விதையாத்தான் பாக்கறேன். இந்த முள்ளுச் செடி குசும்பா, எண்ணெய் வித்து. இந்தப் புல்லை எந்த மனுஷனும் நட மாட்டான், இதோட விதை பறவைக்குன்னே விக்கறது." சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். கோடு போட்ட விதை, வெள்ளை விதை, மஞ்சள் பொடி விதை, பளபளவென்று ஒரு சின்ன விதை. "நாலும் ஒண்ணா இருக்கற கலவை இதுதான். லவ் பேர்ட்ஸ் வளக்கறவங்க வாங்குவாங்க."

"பல் டாக்டரோட கிளி?" என்றான் நூல், கடைசி நம்பிக்கையோடு.

"அதுவா? சூரியகாந்தியும் வேர்க்கடலையும் தவிர எதைப் போட்டாலும் என் மூஞ்சிலயே துப்பும். போன தடவை 'பெருசா திற'ன்னு என்னையே மிரட்டிடுச்சு."

நூலின் முகம் காற்றுப் போன பின் டயர் மாதிரி ஆனது. அருமையான குற்றவாளி கையை விட்டுப் போனதில் அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

ஊசி தீப்பெட்டி இறகைக் காட்டினாள். லவ் பேர்ட்ஸ்தான் என்றார் கடைக்காரர். யார் யார் வாங்குகிறார்கள் என்று நூல் கேட்டதற்கு, பாதி ஊர் என்றார். அங்கேயே வழி அடைத்துவிட்டது என்று நூல் நினைத்தான். ஊசி சாக்கின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலித் தொல்லை உண்டா?"

கடைக்காரர் நெளிந்தார். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. காசு குடுத்து வாங்கின தீனியை எவனும் மண்ணுல வீச மாட்டான், அதுவும் மூணு தடவை. அவனுக்கே தெரியாம கொட்டியிருக்கணும். அப்போ பையில ஓட்டை இருந்திருக்கணும்."

"ஒரே ஒரு மூட்டைதான் மேடம், எலி கடிச்சதைப் பாக்காம குடுத்துட்டேன். அந்த சார் இன்னும் விட மாட்டேங்கறார். காருக்குள்ள போட்ட கால் மிதியெல்லாம் விதை, சீட்டுக்கடியில விதை, எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் வந்துக்கிட்டே இருக்குன்னு கத்தறார்."

"எந்த சார்?"

"பேர் தெரியாது. எப்பவும் போன் காதுலயே இருக்கும். சைகையிலதான் சாமான் வாங்குவார். ஆங், கார் சாம்பல் கலர்."

நூல் துள்ளினான். "பல் டாக்டர் கார் சாம்பல் கலர்!"

"இந்த ஊர்ல ரெண்டுல ஒரு கார் சாம்பல் கலர்" என்று ஊசி வெளியே நடந்தாள். படியில் நின்று திரும்பி, "நூலு, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது. ஸ்கூட்டர் சத்தத்துல டயர் காத்தைக் கண்டுபிடிக்கற காது அது. மூணு தடவை ஒருத்தன் வந்து விதை போட்டது எப்படிக் கேக்காம போச்சு?"

"சத்தமில்லாம போட்டிருப்பான்."

"இல்லன்னா, கேட்டுக் கேட்டுப் பழகின சத்தமா இருக்கணும்."

சாயங்காலம் ரோஜாச் செடிக்குப் பின்னால் இருவரும் ஒளிந்தார்கள். ஊசிக்கு ஒரு செடி போதுமாக இருந்தது. நூலுக்கு மூன்று செடி தேவைப்பட்டது, மூன்றிலும் முள். கூடத்தில் பல் டாக்டர் உட்கார்ந்து டெலிபோன் அம்மாவிடம் சுவரை எங்கே இடிக்கலாம் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க நூலுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த அம்மாளை அவனுக்குப் பிடித்துவிட்டிருந்தது. அவர் இந்த வீட்டை விட்டுப் போவதை நினைத்தால் முள்ளை விட அதுதான் அதிகம் குத்தியது.

கேட் திறந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து பாத்தியை ஒட்டி நின்றது.

இறங்கியவர் மகன். மருந்து கம்பெனி மேனேஜர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்க வருகிறவர்.

"வந்துட்டியா? டீ போடறேன், இரு" என்று உள்ளிருந்து குரல்.

மகன் கையை மட்டும் ஆட்டினார். போனில் யாருக்கோ சரக்கு எப்போது வரும் என்று விளக்கிக்கொண்டே முன் கதவைத் திறந்தார். குனிந்தார். கால் மிதியை உருவினார். பாதையோரம் வந்தார். கார் மேலேயே இரண்டு தட்டு. பிறகு பாத்திக்கு மேல் பிடித்து மூன்று உதறு.

தப், தப். சர், சர், சர்.

நூல் முள்ளையும் மறந்து எட்டிப் பார்த்தான். மகன் அடுத்த கதவைத் திறந்தார். அடுத்த மிதி. தப், தப். சர், சர், சர். நாலு மிதியும் முடிந்தது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, கதவைச் சாத்தி, போனை வைத்து, பேன்ட்டில் கை துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு பாவமும் அறியாத பச்சைக் குழந்தையின் தெளிவு.

ஊசி எழுந்தாள். நூலும் எழுந்தான், மூன்று செடியோடு.

"சார், ஒரு கேள்வி. வந்து இறங்கினதிலேர்ந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மகன் திடுக்கிட்டார். "நீங்கதான் அம்மா வெச்ச துப்பறிவாளரா? என்ன பண்ணினேன்... ஒண்ணும் பண்ணல. போன் பேசினேன். டீக்கு நின்னுட்டிருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சும்மாதான் நின்னேன்."

"ஐயையோ!" என்று நூல் தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு நிமிஷம் கூட ஆகல சார்! இதுக்குள்ள மறந்துட்டீங்களா? உங்களைத் தனியா விட முடியாது போலிருக்கே!"

ஊசி பாத்தியில் குனிந்து, அப்போதுதான் விழுந்ததைப் பொறுக்கி மகனின் உள்ளங்கையில் வைத்தாள். கோடு போட்ட இரண்டு விதை. ஒரு நீல இறகு. ஒரு பென்சில் சீவல்.

"உங்க வீட்டுல லவ் பேர்ட்ஸ் இருக்கு."

"பொண்ணோடது."

"பொண்ணு கார்ல உக்காந்து பென்சில் சீவுவா. பறவைக் கூண்டும் கார்ல வரும்."

"கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போவோம்..." மகனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"உங்க அபார்ட்மென்ட்ல மிதியை உதற விட மாட்டாங்க."

"வாட்ச்மேன் கத்துவான். அதனால இங்க வரும்போது..." அவர் நிறுத்தினார். கையைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். பெரிய கிளாஸ், நடு கிளாஸ், சின்ன கிளாஸ் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. "நானா?"

"செஞ்சதும் நீங்க. மறந்ததும் நீங்க. பழி மட்டும் அம்மா மேல" என்றாள் ஊசி.

டீத் தட்டோடு டெலிபோன் அம்மா வாசலுக்கு வந்திருந்தார். பின்னால் பல் டாக்டர். விஷயம் புரிந்ததும் டாக்டர், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி நழுவினார். சுவருக்கு அப்பாலிருந்து கிளி அவரை வாயைத் திறக்கச் சொன்னது. அவர் திறக்கவில்லை.

மகன் சிரிப்பார் என்று நூல் எதிர்பார்த்தான். அவர் கார் மேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயந்துட்டேன்மா. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? சாவியை வெச்ச இடம் தெரியல, அடுப்பை அணைக்க மறந்தாரு. கடைசில ஒரு நாள் என்னைப் பாத்து, தம்பி நீங்க யாருன்னு கேட்டாரு. இந்தச் செடியைப் பாத்ததும் அதேதான்னு நினைச்சுட்டேன். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

நூலுக்குச் சொல்ல ஒரு ஜோக் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டான்.

டெலிபோன் அம்மா தட்டைக் கார் மேல் வைத்தார். "அவர் உன்னை அப்படிக் கேட்டப்போ பக்கத்துல நின்னவ நான்டா. எதை மறந்தாலும் அதை மறப்பேனா?" என்று மகனின் தலையைத் தடவினார். "பந்தயம் பந்தயம்தான். வீட்டுப் பேச்சு இனிமே கிடையாது. டீ ஆறுது, குடி."

மகன் முகம் கழுவ உள்ளே போனதும் ஊசி மெல்லக் கேட்டாள். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"என்னது?"

"சந்தேகம் யார் மேலயும் இல்லன்னீங்க. நிச்சயமாத் தெரிஞ்சவங்களுக்கு சந்தேகம் எதுக்கு?"

டெலிபோன் அம்மா மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பெண் மாதிரி சிரித்தார். "ரெண்டு தட்டு, மூணு உதறு. ஸ்கூல் விட்டு வந்தா வாசல்ல நின்னு பையில இருக்கற மணலை இப்படித்தான் கொட்டுவான். அடுப்படியில இருந்தே தெரியும், பிள்ளை வந்துட்டான்னு. செடி முளைச்சதுமே புரிஞ்சு போச்சு."

"அட, அப்போ நீங்களே சொல்லியிருக்கலாமே!" என்றான் நூல், கையில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"நான் சொன்னா நம்புவானா? 'பாரு, இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சுடுச்சு'ன்னு அதையும் சேத்துப்பான். மறதின்னு பேர் வாங்கினவ பேச்சு அம்பலம் ஏறாது தம்பி. வெளியாள் சொன்னாத்தான் ஏறும்."

மகன் துண்டோடு வெளியே வந்தார். "இதையெல்லாம் நானே பிடுங்கிப் போட்டுடறேன்மா. இனிமே மிதியை வேற எங்கயாவது உதறிக்கறேன்."

"ஒண்ணைத் தொட்டே, தெரியும் சேதி" என்றார் டெலிபோன் அம்மா. பாதையின் அந்தப் பக்கத்து வெறும் மண்ணைக் காட்டினார். "அடுத்த தடவை காரை அப்படித் திருப்பி நிறுத்து. அந்தப் பாத்தி காலியாத்தான் இருக்கு."